14-ம் கட்டில்: தொற்றும் பாதுகாப்பும் பேச்சும் சந்திக்கும் இடம்

சர்க்கரை நோயால் வலது பாதத்தில் ஆறாத புண்ணோடு வந்து, ஒரு பொது மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் 14-ம் கட்டிலில் படுத்திருக்கும் 62 வயதுப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்கு முருகேசன் என்று பெயர் வைக்கலாம். அவர் கற்பனை மனிதர்தான். ஆனால் அவரைப் போன்ற ஒருவர் இல்லாத வார்டு தமிழ்நாட்டில் அரிது. இடது கையில் வென்ஃப்ளான் என்ற இரத்தக்குழாய் ஊசிக்குழாய் போட்டு ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. சிறுநீர்க் குழாய் வைத்து, அதன் பை கட்டிலின் ஓரத்தில் தொங்குகிறது. புண்ணையும் சேர்த்தால், கிருமி அவர் உடம்புக்குள் நுழைய மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் பாயையும் டிபன் கேரியரையும் வைத்துக்கொண்டு அவருடைய மனைவி உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் காலை புண்ணைச் சுத்தம் செய்வதற்காக அவரை அறுவை அரங்குக்குக் கொண்டு செல்ல இருக்கிறார்கள்.

செவிலியர் பாடநூல்களில் தொற்றுக் கட்டுப்பாடு ஓர் அத்தியாயம், நோயாளி பாதுகாப்பு வேறோர் அத்தியாயம், தகவல் பரிமாற்றம் மூன்றாவது அத்தியாயம். முருகேசனின் கட்டிலருகே இவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. முதலாண்டு மாணவியை எழுப்பிக் கேட்டாலும் கை சுத்தத்தின் ஐந்து தருணங்களை ஒப்பித்துவிடுவார். மருந்து கொடுக்கும்போது சரிபார்க்க வேண்டியவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவார். வார்டில் நேரும் தவறுகளில் தெரியாமல் நேர்பவை குறைவு. நன்றாகத் தெரிந்த ஒன்று, செய்ய வேண்டிய அந்த நொடியில் நழுவிப்போவதே அதிகம். எங்கே நழுவுகிறது, ஏன் நழுவுகிறது என்று பார்த்தால்தான் அடிப்படைக் கருத்துகள் எதற்காக வகுக்கப்பட்டன என்பது புரியும்.

கையிலிருந்து தொடங்குவோம். கை கழுவுதலின் வரலாற்றை வியன்னாவிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அந்தக் கதையில் பாதிதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில், மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவைவிட இரண்டு மூன்று மடங்கு தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலால் இறந்துகொண்டிருந்தார்கள். மாணவர்கள் பிரேதப் பரிசோதனையை முடித்த கையோடு, சொல்லுக்குச் சொல் அதே கையோடு, பிரசவ அறைக்கு வருவதை அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கவனித்தார். 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே யாரும் உள்ளே வரலாம் என்று விதித்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு இறங்கியது.

சொல்லப்படாத மறுபாதி அந்த ஆண்டு அக்டோபரில் நடந்தது. கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண் அந்த வார்டின் முதல் கட்டிலில் சேர்க்கப்பட்டார். பரிசோதனை அந்தக் கட்டிலிலிருந்துதான் தொடங்கும். மாணவர்கள் வாசலில் குளோரின் நீரில் கழுவிவிட்டார்கள். ஆனால் அந்தப் பெண்ணைத் தொட்ட பிறகு வெறும் சோப்பு நீரோடு நிறுத்திக்கொண்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குப் போனார்கள். அப்போது பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். பிணத்திலிருந்து மட்டுமல்லாமல், உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்தும் இன்னொருவருக்குக் கை வழியாக மரணம் கடந்து போகும் என்பதைச் செம்மல்வைஸ் அப்போதுதான் உணர்ந்தார். வார்டுக்குள் நுழையும்போது ஒருமுறை கழுவினால் போதாது, ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் கை சுத்தமாக வேண்டும் என்ற இன்றைய விதிக்கு வேர் அந்த அக்டோபர் மாதத்தில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை ஐந்து தருணங்களாக வகுத்தது: நோயாளியைத் தொடுவதற்கு முன், ஊசி போடுதல், கட்டுக் கட்டுதல் போன்ற சுத்தமான வேலையைத் தொடங்குவதற்கு முன், இரத்தமோ சிறுநீரோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்டதற்குப் பின், அவரைத் தொடாவிட்டாலும் அவருடைய கட்டில், மேசை, ட்ரிப்ஸ் ஸ்டாண்டு ஆகியவற்றைத் தொட்டதற்குப் பின். இவற்றில் முதல் இரண்டும் நோயாளியைக் காப்பவை. பின்னைய மூன்றும் பெரும்பாலும் செவிலியரையும் வார்டையும் காப்பவை. எங்கே கணக்கெடுத்தாலும் ‘பின்’ என்ற தருணங்களில் கை கழுவுவோர் அதிகமாகவும் ‘முன்’ என்ற தருணங்களில் குறைவாகவும் இருப்பது வழக்கம். இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. மலம் பட்ட கையை யாரும் சொல்லாமலே கழுவுவோம். அருவருப்பு நம்மை இழுத்துக்கொண்டு போகும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் கையை இன்னொருவரின் நன்மைக்காகக் கழுவ அப்படி எந்த உந்துதலும் கிடையாது. ஆகவே ‘முன்’ கழுவும் பழக்கத்தைப் பயிற்சியால்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி மட்டும் போதுமா என்றால், ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செவிலியரிடம் 30 நோயாளிகள் இருக்கிறார்கள். ஒரு டியூட்டியில் ஒவ்வொருவருக்கும் நான்கு தருணங்கள் வந்தால் 120 முறை. சோப்பும் நீரும் கொண்டு சரியாகக் கழுவ 40 முதல் 60 விநாடி வேண்டும். வார்டின் கோடியில் உள்ள ஒரே வாஷ் பேசினுக்கு நடந்து போய் வரும் நேரத்தை விட்டுவிட்டாலும், கழுவுவதற்கு மட்டும் 80 முதல் 120 நிமிடம் போய்விடும். ஆறு மணி நேர டியூட்டியில் இது நடக்காத காரியம். நடக்காத ஒன்றைச் சுவரொட்டியில் எழுதி ஒட்டிவிட்டுப் பணியாளரைக் கடிந்துகொள்வது நியாயமும் அல்ல. ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்புத் திரவம் 20 முதல் 30 விநாடியில் வேலையை முடிக்கும். அதைக் கட்டிலிலேயே மாட்டிவைத்தால் நடக்கும் நேரமும் மிச்சம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பித்தே என்ற மருத்துவரின் குழு செய்ததன் சாரம் இதுதான். வேண்டிய தருணங்களில் கையைச் சுத்தம் செய்யும் அளவு, 1994-ல் 48 சதவீதமாக இருந்தது, 1997-ல் 66 சதவீதமாக உயர்ந்தது; மருத்துவமனையில் பெறப்பட்ட தொற்றின் அளவு 1994-க்கும் 1998-க்கும் இடையே ஏறத்தாழ 17 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்குக் குறைந்தது. போதனையோடு பாட்டிலின் இடமும் மாறியதுதான் அங்கே வேறுபாடு.

அந்தத் திரவத்துக்கும் எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ இரத்தமோ பட்ட கைக்கு அது பயன்படாது. நீடித்த ஆன்டிபயாட்டிக் சிகிச்சைக்குப் பிறகு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் விதைத்துகள்களை ஆல்கஹால் கொல்லாது. அங்கே சோப்பும் ஓடும் நீரும்தான் வழி. கையுறை விஷயத்தில் ஏற்படும் மயக்கம் இதைவிடப் பெரிது. கையுறை போட்டவர் தம் கை சுத்தமாக இருப்பதாக உணர்கிறார். அதே கையுறையோடு முருகேசனின் புண்ணைத் துடைத்துவிட்டு ட்ரிப்ஸின் வேகத்தைத் திருகிச் சரிசெய்து, கேஸ் ஷீட்டையும் புரட்டுகிறார். கையுறை அணிந்தவரைக் காக்கிறது என்பது உண்மை. கழற்றாத கையுறை மற்றவர்களுக்குக் கழுவாத கைதான்.

ஊசி போடும் மேசைக்கு வந்தால், பல வார்டுகளில் இன்னும் காணக்கூடிய ஒரு காட்சி உண்டு. மூடியுள்ள ஓர் எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு உருண்டைகள் ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டிருக்கும். வேண்டும்போது எடுத்துப் பிழிந்து தோலைத் துடைப்பார்கள். இப்படிப் பொதுக் கலத்தில் ஊறவைத்த பஞ்சைப் பயன்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஊசி பற்றிய வழிகாட்டுதல் திட்டவட்டமாகச் சொல்கிறது. மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் ஆல்கஹால் ஆவியாகி அதன் வீரியம் குறைகிறது, உள்ளே நுழையும் விரல்களின் கிருமிகள் அதில் சேர்கின்றன. புதுப் பஞ்சில் அப்போதைக்கு அப்போது ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்து, தோல் காயும்வரை பொறுத்திருந்து, பிறகு குத்துவதே முறை. காயும்வரை காத்திருப்பது வெறும் சடங்கு அல்ல. ஆல்கஹால் கிருமியைக் கொல்வதற்கு அந்த நேரம் தேவை. பலமுறை எடுக்கும் மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஓர் ஊசியைக் குத்தியபடியே விட்டுவைப்பதும் இதே வகைத் தவறு; அந்த ஊசி, குப்பிக்குள் கிருமி இறங்குவதற்குப் போட்டுக் கொடுத்த படிக்கட்டு. வென்ஃப்ளானைப் பொறுத்தவரை, போட்ட தேதியும் நேரமும் பிளாஸ்திரியின் மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். மருந்து செலுத்தும் வாயை ஒவ்வொரு முறையும் தேய்த்துத் துடைக்க வேண்டும். சுற்றிலும் சிவப்போ வீக்கமோ வலியோ உண்டா என்று ஒவ்வொரு டியூட்டியிலும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சிறுநீர்க் குழாய் இன்னும் வில்லங்கமானது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. வார்டில் இருக்கும்வரை இது ஓரளவு காக்கப்படுகிறது, குலைவது பயணத்தில். முருகேசனை ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, வழியில் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, உதவியாளர் நல்லெண்ணத்தோடு அந்தப் பையைத் தூக்கி அவருடைய வயிற்றின் மேல் வைப்பார். பையில் தேங்கிய சிறுநீர் குழாய் வழியே திரும்ப உள்ளே வழிந்துவிடும். அந்த உதவியாளருக்குத் தொற்றுக் கட்டுப்பாட்டு வகுப்பு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அவரிடம் “பையைத் தூக்காதீங்க, ஸ்ட்ரெச்சர் பக்கத்துக் கம்பியில கீழ மாட்டுங்க” என்று சொல்லி அனுப்பும் ஒரு வாக்கியம் பல நாள் ஆன்டிபயாட்டிக்கைவிட மலிவு. அதையும்விடப் பயனுள்ளது, தினமும் காலை ரவுண்ட்ஸில் “இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?” என்று செவிலியர் கேட்பது. மறந்துபோய் உள்ளேயே விடப்பட்ட குழாய்கள் எந்த மருத்துவமனையிலும் உண்டு.

ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்து செவிலியருடையது. மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசி போடாதவருக்கு, அந்தத் தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம், ஹெச்.ஐ.வி.க்கு ஏறத்தாழ 0.3 சதவீதம். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடும்போதுதான் பல குத்தல்கள் நடக்கின்றன. ஆகவே மூடாமலே முனையை வெட்டிப் போட வேண்டும். குத்திவிட்டால் விரலைப் பிழிவதோ வாயில் வைத்துச் சப்புவதோ கூடாது. சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். யாரிடம் சொல்வது, என்ன நினைப்பார்களோ என்று தயங்கும் நேரமும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

கழிவுகளைப் பிரிக்கும் நிறங்களை 2016-ம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் வகுத்திருக்கின்றன: இரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு மஞ்சள், ட்ரிப்ஸ் குழாய், கையுறை போன்ற பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு, ஊசிக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி, கண்ணாடிக்கு நீலம். காற்றில் பரவும் காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றுக்கு நோயாளி சாதாரண முகக்கவசமும் பராமரிப்பவர் என்-95 கவசமும் அணிய வேண்டும். அதோடு ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். எதிரெதிர் ஜன்னல்களும் உயர்ந்த கூரையும் கொண்ட பழைய நீள வார்டுகளை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் காற்றோட்டத்துக்காகவே வற்புறுத்தினார். ஏசி பொருத்துவதற்காக அந்த ஜன்னல்களை அடைத்துவிடும்போது என்ன இழக்கிறோம் என்று கேட்பவர் குறைவு.

இனி முருகேசனுக்கு மருந்து கொடுக்கும் நேரம். வார்டில் இன்னொரு முருகேசனும் இருக்கிறார், 21-ம் கட்டிலில். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்கிறது, அவசரத்தில் முதலில் விழுங்கப்படுவதும் அதுதான். கட்டில் எண் அடையாளம் ஆகாது. இரவில் மின்விசிறி ஓடவில்லை என்று நோயாளி கட்டில் மாறியிருக்கலாம். குறைந்தது இரண்டு அடையாளங்கள், அதாவது பெயரும் உள்நோயாளி எண்ணும், அல்லது பெயரும் தந்தை பெயரோடு வயதும் சரிபார்க்க வேண்டும் என்பதே உலகெங்கும் உள்ள விதி. ஆனால் விதியைவிட முக்கியம் கேள்வியின் வடிவம். “நீங்கதானே முருகேசன்?” என்று கேட்டால், காது மந்தமானவரும் அரைத் தூக்கத்தில் இருப்பவரும், வெள்ளை உடையைக் கண்டாலே எதற்கும் தலையாட்டிப் பழகியவரும் “ஆமாம்மா” என்றுதான் சொல்வார்கள். “உங்க பேரு என்னங்கய்யா? அப்பா பேரு?” என்று கேட்டால் பதிலை அவர்தான் சொல்லியாக வேண்டும். ஒரே தகவலுக்கான இரண்டு கேள்விகள் இவை. முதல் கேள்வி சம்மதத்தைப் பெறுகிறது, இரண்டாவது உண்மையைப் பெறுகிறது. இரத்த மாதிரி எடுத்தால் குழாயில் பெயரை அந்தக் கட்டிலருகிலேயே எழுத வேண்டும் என்பதும், இரத்தம் ஏற்றும்போது இருவர் சேர்ந்து பையையும் நோயாளியையும் ஒப்பிட வேண்டும் என்பதும் இதே அச்சத்திலிருந்து பிறந்தவை.

முருகேசனுக்கு இன்சுலின் 20 யூனிட். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்டது. அதற்குரிய ஊசிக்கு மூடி சிவப்பு. ஒரு மில்லியில் 100 யூனிட் கொண்ட மருந்தும் புழங்குகிறது. அதற்குரிய ஊசிக்கு மூடி ஆரஞ்சு. சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடுவரை எடுத்தால் அரை மில்லி வரும். குப்பி 100 யூனிட் வகையாக இருந்துவிட்டால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை இறங்கி அவர் நினைவிழப்பார். தலைகீழாக, ஆரஞ்சு மூடி ஊசியில் 40 யூனிட் மருந்தை 20 கோடுவரை எடுத்தால் கிடைப்பது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்கவில்லை என்று மறுநாள் அளவைக் கூட்டுவார்கள், சரியான ஊசி கைக்கு வரும் நாளில் அந்தக் கூட்டிய அளவு ஆபத்தாக முடியும். செவிலியர் கண்ணால் படித்தது 20, ஊசியில் பார்த்ததும் 20. கவனக்குறைவு என்று எதைச் சொல்வது? கேஸ் ஷீட்டில் யூனிட் என்பதற்கு ஆங்கில எழுத்து ஒன்றை மட்டும் போட்டு, அது சுழியம் போலத் தெரிந்து, 10 யூனிட் 100 ஆன கதையும் இதன் உடன்பிறப்பு. நீர்க்காமல் நேராகச் செலுத்தினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூல், காய்ச்சி வடித்த நீர் ஆம்ப்யூலைப் போலவே தோற்றம் கொண்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது கவனத்தை நம்பாத விதி. அதனாலேயே நல்ல விதி.

இரவு இரண்டு மணி. முருகேசன் சற்றுக் குழப்பமாகப் பேசுகிறார், உடம்பு சுடுகிறது. இங்கே ஒரு சின்ன உண்மையைச் சொல்லியாக வேண்டும். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைக் கருவி சொல்லிவிடும். மூச்சின் எண்ணிக்கையை மட்டும் ஒரு நிமிடம் நின்று மார்பைப் பார்த்து எண்ண வேண்டும். எத்தனையோ அட்டவணைகளில் அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை 20, 20, 20 என்றே இருக்கும், வார்டு முழுக்க ஒரே தாளத்தில் மூச்சு விடுவதைப் போல. உடம்பு சீர்குலையத் தொடங்கும்போது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் குறிகளில் முக்கியமானது மூச்சு. தொற்று இரத்தத்தில் பரவி செப்சிஸ் ஆகிறதோ என்று ஐயப்பட வைக்கும் மூன்று எளிய குறிகள் உண்டு: மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், மேல் இரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ், நினைவில் தடுமாற்றம். இரண்டு இருந்தாலே அவசரம்.

அந்த நேரத்தில் டியூட்டி டாக்டருக்குப் போகும் ஃபோன் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “சார், 14-ம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்காரு.” மறுமுனையில் தூக்கக் கலக்கம்: “பாத்துக்கங்க சிஸ்டர், வர்றேன்.” இருவருமே தம் கடமையைச் செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். இதற்கு மாற்றாக, நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை என்ற நான்கு படிகளில் பேசும் முறை அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. நம் வார்டில் அது இப்படி ஒலிக்கும்: “சார், ஆண்கள் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். 14-ம் பெட் முருகேசனுக்கு பி.பி. 90-க்கு 60, ஒரு மணி நேரத்துக்கு முன்ன 120 இருந்துச்சு. மூச்சு 28, டெம்பரேச்சர் 102. சுகர் பேஷண்ட், கால்ல புண்ணு, காலையில தியேட்டர் போக வேண்டியவர். ஆறு மணி நேரத்துல யூரின் 80 மில்லிதான். செப்சிஸ் மாதிரி தெரியுது. நீங்க இப்ப நேர்ல வந்து பாக்கணும் சார், அதுக்குள்ள ட்ரிப்ஸ் வேகத்தக் கூட்டட்டுமா?” கடைசி வாக்கியத்தில்தான் தொண்டை அடைக்கும். என்ன தெரிகிறது என்று சொல்லலாம், என்ன வேண்டும் என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று பழக்கப்பட்ட ஒரு படிநிலையில், கோரிக்கை என்ற நான்காம் படியை முறையாக்கி வைத்ததே இந்த ஏற்பாட்டின் பலன். டாக்டர் ஃபோனில் சொல்லும் மருந்தை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்ப அவருக்கே படித்துக் காட்டி, சரி என்ற பதிலைப் பெற்ற பிறகே கொடுக்க வேண்டும். பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் ஃபோனில் ஒன்றுபோலக் கேட்கும்.

மேலே இருப்பவரிடம் பேசும் துணிவு தொற்றையும் நேரடியாகத் தொடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் என்ற மருத்துவரின் குழுவினர் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெரிய இரத்தக்குழாய்க்குள் குழாய் பொருத்தும்போது செய்ய வேண்டிய ஐந்து எளிய வேலைகளைப் பட்டியலிட்டார்கள். முதல் வேலை கை கழுவுவது. 18 மாதங்களில் அந்தக் குழாய் வழித் தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்ததாக 2006-ல் அறிவித்தார்கள். பட்டியலில் புதுமை ஒன்றும் இல்லை. ஒரு படி விடுபட்டால் மருத்துவரையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டிருந்தது. வேலையை நடத்தியது அதுதான். நம் வார்டில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் ஒரு பெரிய டாக்டரிடம் “சார், கிளவுஸ் மாத்திக்கிடுங்க” என்று சொல்ல முடியுமா என்பதை அவருடைய துணிச்சல் மட்டும் முடிவு செய்வதில்லை. சொன்ன பிறகு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் யார் பக்கம் நிற்பார் என்பதும் முடிவு செய்கிறது.

நோயாளியோடு பேசும் பேச்சில் வேறு வகைக் குழி இருக்கிறது. அறுவைக்கு முந்தைய இரவு “காலையில ஒண்ணும் சாப்பிடக் கூடாது” என்று முருகேசனிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன சொல்லை அவர் மீறவில்லை. இட்லியைத் தொடவில்லை, ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காப்பி மட்டும் குடித்தார். தமிழில் காப்பியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. மயக்க மருந்தின்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம் என்பதால், பால் சேர்ந்த எதற்கும் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். அறுவை தள்ளிப் போகிறது, பழி அவர் மீது விழுகிறது. “அலர்ஜி இருக்கா?” என்ற கேள்வியும் இப்படித்தான், “இல்ல” என்று சொன்னவரே, “எந்த ஊசியாவது போட்டு உடம்பு தடிச்சிருக்கா, மூச்சு முட்டியிருக்கா?” என்று கேட்டால் பத்து வருடத்துக்கு முந்தைய ஊசியைச் சொல்வார். சொன்னதைப் புரிந்துகொண்டாரா என்று அறிய “புரிஞ்சுதா?” என்று கேட்பது வீண். “வீட்ல கேட்டா, நாளைக்குக் காலையில என்னென்ன கூடாதுன்னு சொல்வீங்க?” என்று அவர் வாயால் சொல்ல வைத்தால், காப்பி அப்போதே வெளியே வந்துவிடும்.

கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் மனைவியை விதிமுறைகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் பாதிச் செவிலியப் பணியை அவர்தான் செய்கிறார்: உடம்பு துடைக்கிறார், திருப்பிப் படுக்க வைக்கிறார், சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டு அதே கையோடு கேரியரைத் திறக்கிறார். அவருக்குக் கை கழுவக் காட்டிக் கொடுப்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றினால் படுக்கைப் புண் வரும் ஆபத்து குறையும் என்று விளக்குவதும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைப்பதும் தொற்றுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பகுதியே. அன்றிரவு “இவரு எப்பவும் இப்படிப் பேச மாட்டாரும்மா” என்று முதலில் எழுந்து வந்து சொன்னவர் அவர்தான்.

எஞ்சியிருப்பது, தவறு நடந்த பிறகு என்ன செய்வது என்பது. பல இடங்களில் அதற்குக் கிடைக்கும் விடை, விளக்கம் கேட்டு வரும் மெமோ. மெமோ வாங்கியவர் அடுத்த முறை தவறு செய்யாமல் இருப்பாரோ இல்லையோ, அடுத்த முறை சொல்ல மாட்டார் என்பது உறுதி. பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் சொல்ல மாட்டார்கள். நோயாளிக்குத் தீங்கு நேராமல் கடைசி நொடியில் தப்பிய சம்பவங்களையும் பதிவு செய்யச் சொல்வது, யாரையும் தண்டிக்காமல் கற்றுக்கொள்ள அவையே சிறந்தவை என்பதால்தான். முருகேசனுக்கு இன்சுலின் எடுத்த செவிலியர், ஊசியின் மூடி நிறத்தைக் குப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்து, செலுத்துவதற்கு முன் நிறுத்திக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் பதிவேட்டில் தம் பெயரோடு எழுதுகிறார். இன்சார்ஜ் சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்ளாமல், மருந்து மேசையைத் திறந்து பார்க்கிறார். இரண்டு நிற ஊசிகளும் ஒரே டிராயரில் கலந்து கிடக்கின்றன. அடுத்த வாரம் அந்த முதல் டிராயரில் சிவப்பு மூடி ஊசிகள் மட்டும் இருக்கும். ஆரஞ்சு மூடி ஊசிகள், அவை தேவைப்படும் இரண்டே நோயாளிகளின் பெயர்ச்சீட்டோடு, தனிப் பெட்டிக்குப் போயிருக்கும்.